சும்மா சொல்லத் தோன்றியது

மதியம் தூங்கி எழுந்ததும் இது காலையா மாலையா என்று ஒரு நொடி புரியாமல் விழிக்கிறோமே, அது உங்களுக்கும் நடக்குமா? போனில் பேச ஆரம்பித்தால் கால் ஏன் தானாக நடக்கத் தொடங்குகிறது? தலையணையைத் திருப்பிப் போட்டதும் கன்னத்தில் படுகிற அந்தக் குளிர்ச்சி இருக்கிறதே, அதற்கு ஈடு உண்டா?

இணையத்தில் மட்டுமே பழகிய நண்பர்களுக்குள் ஓடுகிற பேச்சைக் கவனித்தால் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெட்டிப் பேச்சு, மொக்கை, பொழுது போகாதவர்களின் வேலை. நான் இதில் எதிர்க்கட்சி. ஒருவரை ஒருவர் நேரில் பார்க்காத, இனிமேலும் பார்ப்போமா என்று தெரியாத இரண்டு பேருக்கு நடுவே நட்பு என்று ஒன்று நிலைக்கிறதென்றால், அதைத் தாங்குவது இந்தச் சின்னச் செய்திகள்தான். பிறந்தநாள் வாழ்த்தும் இரங்கல் செய்தியும் அதன்மேல்தான் நிற்கின்றன. எனக்கு அப்படித் தோன்றுகிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, உளவியல் ஆய்வுகளிலும் இணையத்தின் பழைய வரலாற்றிலும் இதற்கு நல்ல ஆதாரங்கள் கிடக்கின்றன.

முதலில் நேரில் பழகுகிறவர்களை எடுத்துக்கொள்வோம். ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பாதி விஷயம் சொல்லாமலே தெரிந்துவிடும். முகம் கொஞ்சம் வாடியிருக்கிறது, புதுச் செருப்பு கடிக்கிறது, நேற்று சரியாகத் தூங்கவில்லை, ஜன்னல் பக்கம் அடிக்கடி பார்க்கிறார், இதையெல்லாம் யாரும் அறிவிக்க வேண்டியதில்லை. இணைய நட்பில் அந்த வசதி கிடையாது. எழுதினால்தான் உண்டு. "கால் வலிக்கிறது" என்று டைப் செய்யும்வரை எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கு உங்கள் கால் வலி என்ற ஒன்றே இல்லை. அதனால்தான் நேரில் சொன்னால் அபத்தமாகத் தெரியக்கூடியவற்றை, மேசையில் ஒரு எறும்பு தன்னைவிடப் பெரிய எதையோ இழுத்துக்கொண்டு போகிறது என்பதைக்கூட, இங்கே எழுதிச் சொல்கிறோம். பக்கத்தில் இருப்பது செய்கிற வேலையை இங்கே வாக்கியங்கள் செய்ய வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, ஆனால் சில மாதங்கள் சேர்ந்தபின் அந்த நண்பரின் ஒரு நாள் எப்படி விடியும், எந்த நேரத்தில் சோர்வார், எதைப் பார்த்தால் சிரிப்பார் என்பது நமக்குத் தெரிந்திருக்கும். லீசா ரைக்கெல்ட் என்ற வடிவமைப்பாளர் 2007-இல் இதைக் கவனித்து எழுதினார். தூரமும் நேரமும் இடம் கொடுக்காத அளவுக்கு நெருக்கத்தைத் துண்டுச் செய்திகள் தருகின்றன என்பது அவர் சொன்னதன் சாரம்.

பேச்சின் வேலை தகவல் சொல்வது மட்டும்தான் என்ற எண்ணத்தை அதற்கு வெகு முன்பே உடைத்தவர் மானுடவியலாளர் ப்ரோனிஸ்லா மாலினோவ்ஸ்கி. பசிபிக் பெருங்கடலின் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி ஆராய்ந்தவர். உறவை உண்டாக்கவும் காக்கவும் மட்டுமே பேசப்படுகிற பேச்சு என்று ஒரு வகை உண்டு என 1923-இல் எழுதினார். பரிணாம உளவியலாளர் ராபின் டன்பார் 1990-களில் இதை இன்னும் தள்ளிக்கொண்டு போனார். குரங்குகள் ஒன்றுக்கொன்று மணிக்கணக்கில் ரோமம் நீவிக்கொள்கின்றன, மனிதக் கூட்டம் பெரிதானபோது எல்லோரையும் கையால் நீவ நேரம் போதவில்லை, அந்த இடத்தைப் பேச்சு பிடித்துக்கொண்டது என்பது அவர் வாதம். மொழி இப்படித்தான் பிறந்ததா என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஆனால் பேச்சு அந்த வேலையைச் செய்கிறது என்பதில் சந்தேகப்பட எதுவும் இல்லை.

ஒரு இடத்தில் மட்டும் நான் மாலினோவ்ஸ்கியிடமிருந்து விலகுகிறேன். அவர் மனதில் இருந்தது நலம் விசாரிப்பு, வானிலைப் பேச்சு மாதிரியான, யாரும் யாரிடமும் சொல்லக்கூடிய வாக்கியங்கள். இணைய நண்பர்களுக்குள் நடப்பது அது இல்லை. "இன்று வெயில் அதிகம்" என்பதை லிஃப்டில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். "வெயிலில் காய்ந்த போர்வைக்குள் தலையை நுழைத்து ஐந்து நிமிடம் அப்படியே நின்றேன்" என்பதை எல்லோரிடமும் சொல்ல மாட்டோம். அது ஒருவரின் தனி விருப்பம், கொஞ்சம் வெட்கமும் கலந்தது. இதைச் சொன்னால் இந்த ஆள் சிரிக்க மாட்டான், அல்லது சரியான விதத்தில் சிரிப்பான் என்ற நம்பிக்கை இருந்தால்தான் சொல்வோம். அந்த நம்பிக்கைக்குத்தான் நட்பு என்று பெயர்.

சரி, இந்தப் பழக்கம் ஸ்மார்ட்போனோடு வந்தது என்று நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போவோம். இன்றைய இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் 1969-இல் தொடங்கியபோது நோக்கம், தூரத்தில் இருக்கும் கணினிகளின் சக்தியைப் பகிர்ந்துகொள்வது. மனிதர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வது அந்தத் திட்டத்தில் முக்கியமான இடத்தில் இல்லை. 1971-இல் ரே டாம்லின்சன் இரண்டு கணினிகளுக்கு நடுவே மின்னஞ்சல் அனுப்பிக் காட்டினார், 1973 வாக்கில் அந்த வலையமைப்பின் போக்குவரத்தில் முக்கால் பங்கு மின்னஞ்சல்தான். அதே 1973-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினி அமைப்பில் டாக்கோமேட்டிக் என்ற அரட்டை வசதி வந்தது. ஒருவர் டைப் செய்ய டைப் செய்ய ஒவ்வொரு எழுத்தும் உடனே மற்றவர் திரையில் தெரியும். பிளேட்டோ பாடம் நடத்துவதற்காகக் கட்டப்பட்டது. மாணவர்கள் அதில் உட்கார்ந்து கதையடித்தார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த கதை 1982-இல் நடந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக் கணினித் துறையில் இருந்தவர்கள் மின் அறிவிப்புப் பலகையில் எழுதிக்கொள்வார்கள். ஒருநாள் ஒருவர் ஒரு கேள்வியைப் போட்டார்: லிஃப்டுக்குள் எரிகிற மெழுகுவர்த்தி ஒன்றும் தரையில் ஒரு துளி பாதரசமும் இருக்கின்றன, கம்பி அறுந்து லிஃப்ட் கீழே விழுகிறது, அந்தச் சுடருக்கும் பாதரசத்துக்கும் என்ன ஆகும்? யாருக்கும் எந்தப் பயனும் இல்லாத, அருமையான கேள்வி. பேச்சு வளர்ந்தது. நடுவே இன்னொருவர், இயற்பியல் சோதனை ஒன்றால் இடது ஓரத்து லிஃப்டில் பாதரசம் கொட்டிவிட்டது, லேசாகத் தீயும் பிடித்தது, எச்சரிக்கை என்று விளையாட்டாக எழுதினார். முன்னால் நடந்த பேச்சைப் படிக்காத சிலர் அதை நிஜம் என்றே எடுத்துக்கொண்டார்கள். நகைச்சுவைக்கு ஒரு அடையாளம் வேண்டும் என்று விவாதம் திரும்பியது, ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன் என்ற கணினி அறிஞர் முக்காற்புள்ளி, சிறு கோடு, அடைப்புக்குறி மூன்றையும் வரிசையாக வைத்து, இதைத் தலையைச் சாய்த்துப் பாருங்கள் என்று எழுதினார். ஸ்மைலி அப்படித்தான் பரவியது. அந்தச் செய்தி தொலைந்தே போய், பழைய காப்பு நாடாக்களைத் தோண்டி 2002-இல்தான் மீட்டெடுத்தார்கள்.

இன்று கோடிக்கணக்கானவர்கள் நாள் முழுக்க அனுப்புகிற சிரித்த முகத்துக்குப் பின்னால் இருப்பது லிஃப்டில் ஒரு துளி பாதரசம் என்ற உதிரி எண்ணம். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தக் குறியீடு ஏன் தேவைப்பட்டது என்பது. முகம் தெரியாத இடத்தில் லேசான பேச்சு பேசுவது கஷ்டம். கனமான விஷயத்தை எழுதிவிடலாம், வார்த்தைகளே போதும். லேசானதைச் சொல்லத்தான் தொனி வேண்டும். அதற்காக மெனக்கெட்டு ஒரு அடையாளத்தையே உருவாக்கினார்கள் என்றால் அந்தப் பேச்சை அவர்கள் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை என்றுதான் பொருள்.

இப்போது ஆய்வுகளுக்கு வருவோம். நல்லது நடந்தால் அதை இன்னொருவரிடம் சொல்வதால் என்ன ஆகிறது என்று ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டார்கள். அதுவரை நெருங்கிய உறவுகளைப் பற்றிய ஆய்வு பெரும்பாலும் கஷ்ட காலத்தில் யார் துணை நிற்கிறார்கள் என்பதைச் சுற்றியே இருந்தது. இவர்கள் திருப்பிக் கேட்டார்கள், நல்லது நடக்கும்போது யார் இருக்கிறார்கள்? நல்ல நிகழ்ச்சியைச் சொன்ன நாட்களில், அந்த நிகழ்ச்சி தந்த சந்தோஷத்துக்கு மேலேயும் கூடுதலாகக் கொஞ்சம் சந்தோஷம் சேருகிறது என்று தெரிந்தது. எதிரில் இருப்பவர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதை நான்கு வகையாகப் பிரித்தார்கள்.

பல வருடமாகத் தேடிய ஒரு பாட்டு இன்று கிடைத்துவிட்டது என்று நண்பர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "எப்படிக் கண்டுபிடிச்சே? முதல்ல எங்க கேட்டது அது?" என்று கேட்பவர் ஒரு வகை. கட்டைவிரலை மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர் இரண்டாவது. "இந்தப் பாட்டுக்கா இவ்வளவு அலைச்சல்?" என்பவர் மூன்றாவது. "எனக்கு இன்னைக்கு ஒரே தலைவலி" என்று பேச்சை மாற்றுகிறவர் நான்காவது. இதில் உறவு செழிப்பதோடு சேர்ந்து காணப்பட்டது முதல் வகை மட்டும்தான். இரண்டாவது வகை கெட்ட எண்ணத்தில் செய்வது கிடையாது, ஆனாலும் அது போதவில்லை. இணையத்தில் நாம் எல்லோரும் அதிகமாகச் செய்வது இந்த இரண்டாவதைத்தான், ஏனென்றால் விரலுக்கு அதுதான் எளிது. ஹார்வர்டில் கேரன் ஹுவாங்கும் சகாக்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே வேறு பக்கத்திலிருந்து சொல்கிறது. கேள்வி கேட்பவர்களை, அதிலும் எதிராளி சொன்னதைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி கேட்பவர்களை, மக்களுக்கு அதிகம் பிடிக்கிறது.

அது சரி, சொல்வதுதான் சொல்கிறோம், பெரிய விஷயங்களைச் சொன்னால் இன்னும் நன்றாக இருக்காதா, மலை உச்சியில் நின்றது, மேடையில் பரிசு வாங்கியது? இங்கேதான் கஸ் கூனி, டேனியல் கில்பர்ட், டிமோதி வில்சன் மூவரும் 2014-இல் வெளியிட்ட சோதனை வருகிறது. நான்கு நான்கு பேராகக் குழு அமைத்தார்கள். ஒருவருக்கு மட்டும் நல்ல படம் ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள், மற்ற மூவருக்கும் சுமாரான ஒன்று. பிறகு நால்வரையும் உட்காரவைத்துப் பேசவிட்டார்கள். நல்ல படம் பார்த்தவர்தான் சந்தோஷமாக எழுந்து போவார் என்றுதானே நினைப்போம்? அவர்தான் பேச்சில் தனித்துவிடப்பட்டதாக உணர்ந்தார். மற்ற மூவருக்கும் பொதுவாகப் பேச ஒன்று இருந்தது, சுமார்தான் என்றாலும் அது மூவருடையது. அரிய அனுபவம் ஒருவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துவைக்கிறது, சாதாரண அனுபவம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. பூமியின் எதிரெதிர் முனைகளில் இருக்கும் இரண்டு நண்பர்களுக்குப் பொதுவாக என்ன இருக்க முடியும்? வேலை வேறு, வயது வேறு, மொழிகூட இரண்டாவது மொழியாக இருக்கலாம். தலையணையின் குளிர்ந்த பக்கம் இருவருக்கும் உண்டு.

அளவு பற்றி இன்னொன்று. எட் டீனரும் சகாக்களும் 1991-இலேயே வாதிட்டது இது: ஒருவரின் மகிழ்ச்சியைத் தீர்மானிப்பதில், நல்ல உணர்வு எவ்வளவு தீவிரமாக வந்தது என்பதைவிட எத்தனை அடிக்கடி வந்தது என்பதற்குத்தான் கனம் அதிகம். அடிக்கடி வரவேண்டும் என்றால் அது சின்னதாகத்தான் இருக்க முடியும்.

அப்புறம் இந்தச் செய்திகளுக்கு ஒரு பிற்கால மதிப்பும் இருக்கிறது, எழுதும்போது அது யாருக்கும் தெரிவதில்லை. டிங் ஜாங் தலைமையில் 2014-இல் வந்த ஆய்வில் ஆட்களை அப்போதைய தங்கள் சாதாரண வாழ்க்கையைப் பதிந்துவைக்கச் சொன்னார்கள், சமீபத்தில் பேசிய பேச்சு, கேட்டுக்கொண்டிருந்த பாட்டு என்று. பிறகு இதைப் பார்க்க எவ்வளவு ஆர்வம் இருக்கும் என்று கேட்டபோது பெரிதாக இருக்காது என்றார்கள். சில மாதங்கள் கழித்துத் திருப்பிக் கொடுத்தபோது எதிர்பார்த்ததைவிட அதிக ஆர்வம், அதிக மகிழ்ச்சி. சாதாரண நாளை நாம் நினைவு வைத்துக்கொள்வோம் என்று நம்புகிறோம், உண்மையில் மறந்துவிடுகிறோம், அதனால்தான் அது திரும்பக் கிடைக்கும்போது புதையல் மாதிரி இருக்கிறது. பழைய அரட்டையில் எதையோ தேடப்போய், தேடியதை மறந்து ஒரு மணி நேரம் படித்துக்கொண்டே இருந்திருப்பீர்களே, அதுதான்.

இதுவரை சொன்னது இன்பங்களைப் பற்றி. உதிரி எண்ணங்களின் கதை கொஞ்சம் வேறு. மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2,250 பேரிடம் போன் செயலி வழியாக, நாளின் ஏதோ ஒரு நேரத்தில், இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது, எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டு 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். கேட்ட தருணங்களில் 46.9 சதவீதம் மனம் செய்கிற வேலையில் இல்லை, வேறெங்கோ அலைந்துகொண்டிருந்தது. அலையும் நேரத்தில் ஆட்கள் பொதுவாகக் கொஞ்சம் மகிழ்ச்சி குறைந்தே இருந்தார்கள். மனதை நிகழ்காலத்தில் கட்டிவைக்க வேண்டும் என்று சொல்பவர்களுக்கு இந்த ஆய்வு ரொம்பப் பிடிக்கும். எனக்கு இதில் வேறு ஒன்று தெரிகிறது. விழித்திருக்கும் நேரத்தில் கிட்டத்தட்ட பாதி, நாம் ஒவ்வொருவரும் வேறு யாருக்கும் தெரியாத இடத்தில் தனியாக இருக்கிறோம். அங்கிருந்து ஒரு எண்ணத்தை எடுத்து இன்னொருவருக்கு அனுப்பினால், அந்தப் பாதியில் கொஞ்சமாவது துணை கிடைக்கிறது.

அனுப்பிய எண்ணம் எங்கே போகும் என்று சொல்லவே முடியாது. "மழை வருது, அந்த வாசனை" என்று ஒருவர் எழுதுகிறார். இதைவிடச் சாதாரணமாக ஒன்று எழுத முடியாது. அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று ஒருவர் கேட்கிறார். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாக்கள் சுரக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் அதில் முக்கியமானது, மனித மூக்கு அதை லட்சம் கோடியில் சில துகள்கள் இருந்தாலே பிடித்துவிடும் என்று இன்னொருவர் வருகிறார். ஆஸ்திரேலியாவில் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இருவர் 1964-இல் இந்த வாசனையைக் காய்ந்த பாறைகளிலிருந்தும் களிமண்ணிலிருந்தும் பிரித்தெடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள் என்று நான்காவது ஆள் எடுத்துப் போடுகிறார். மழைத்துளி மண்ணில் விழும்போது அடியில் சின்னக் குமிழ்கள் சிக்கி, மேலே வந்து வெடித்து நுண்துளிகளாகத் தெறிப்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அதிவேகக் கேமராவில் பிடித்து 2015-இல் வெளியிட்டது தெரியுமா என்று மறுபடி யாரோ. கடைசியில் மழையே பார்க்காத ஊரில் இருப்பவர் ஒருவர், எனக்கு இப்போது மூக்கில் அந்த வாசனை வருகிறது என்கிறார். யாரும் பாடம் படிக்க உட்காரவில்லை. ஒருவருக்கு மூக்கில் பட்டதைச் சொல்லத் தோன்றியது, அவ்வளவுதான் தொடக்கம்.

இது கெட்டுப்போகும் வழியும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் 2009 பிப்ரவரியில் வந்தது. எண்ணிக்கை கண்ணில் பட ஆரம்பித்ததும் எழுதுகிறவரின் பார்வை மெல்ல மாறுகிறது, நண்பரைப் பார்த்துச் சொல்வது போய்க் கூட்டத்தைப் பார்த்துச் சொல்வதாகிறது. ஆலிஸ் மார்விக், டானா பாய்ட் இருவரும் 2011-இல் ட்விட்டரை வைத்து விளக்கியது போல, குடும்பம், அலுவலகம், பழைய தோழர்கள், முன்பின் தெரியாதவர்கள் எல்லோரும் ஒரே சபையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அத்தனை பேர் முன்னால் போர்வைக்குள் தலையை நுழைத்த கதையைச் சொல்ல முடியாது. சொன்னால் அதற்கு அழகான படம் வேண்டும், வெளிச்சம் சரியாக விழ வேண்டும், ஒரு கருத்தும் வேண்டும். அப்போது அது சின்ன இன்பமாக இருப்பதை விட்டுக் காட்சிப் பொருளாகிவிடுகிறது. ஐந்தாறு பேர் இருக்கும் இடத்தில் எழுத்துப் பிழையோடு பாதி வாக்கியமாக விழுகிற செய்திதான் எனக்கு உயர்வு. யார் படிக்கிறார்கள் என்று தெரிந்து எழுதும் இடம் வேண்டும், அது இல்லாமல் இந்தப் பேச்சு பிழைக்காது.

எவ்வளவு பேசினால் நட்பாகும்? கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், புது ஊருக்குக் குடிபோனவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் வைத்து ஆராய்ந்து 2018-இல் ஒரு கணக்கு சொன்னார். அறிமுகம் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பராக சுமார் 50 மணி நேரம், நண்பர் என்று சொல்ல சுமார் 90, நெருங்கிய நண்பராக 200-க்கும் மேல். ஒன்றாக வேலை செய்த நேரத்தைவிட ஓய்வாகச் சேர்ந்து கழித்த நேரத்துக்குத்தான் பலன் அதிகம். இது நேரில் பழகியவர்களை வைத்துப் போட்ட கணக்கு. இணையத்தில் அந்த 200 மணி நேரம் இரண்டு நிமிடம், அரை நிமிடம் என்று உதிரியாகச் சேர்கிறது என்பது என் எண்ணம்.

அப்படிச் சேர்ந்த நேரத்துக்கு என்ன கனம் என்பதற்கு நார்வேயின் மாட்ஸ் ஸ்டீன் கதை இருக்கிறது. டுஷேன் தசைச் சிதைவு நோயோடு பிறந்தவர், சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர், 2014-இல் 25 வயதில் இறந்தார். மகன் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற, பலர் இணையம் வழியாகச் சேர்ந்து ஆடும் விளையாட்டிலேயே காலத்தைக் கழித்துவிட்டான், நட்பு என்ற ஒன்றையே அறியாமல் போய்விட்டான் என்று பெற்றோர் துக்கப்பட்டார்கள். அவர் எழுதிவந்த இணையப் பக்கத்தின் கடவுச்சொல்லை விட்டுச் சென்றிருந்தார். தந்தை அதில் இறப்புச் செய்தியைப் போட்டார். பல நாடுகளிலிருந்து முன்பின் தெரியாதவர்களின் கடிதங்கள் வந்து குவிந்தன. இபெலின் என்ற பெயரில் அந்த விளையாட்டில் இருந்தவர் தங்கள் கஷ்டங்களைக் கேட்டது, வேடிக்கை செய்தது, கணினியைப் பிடுங்கி வைத்துவிட்ட ஒரு தோழியின் பெற்றோருக்கு அவளுக்காகக் கடிதம் எழுதியது என்று ஒவ்வொருவரும் எழுதினார்கள். விளையாட்டில் அவரோடு இருந்த குழுவிலிருந்து சிலர் வேறு நாடுகளிலிருந்து இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். 2024-இல் அவர் வாழ்க்கை ஆவணப்படமாக வந்தது.

இந்தக் கதையில் என்னை உறுத்துவது அந்தக் கடவுச்சொல். அது இல்லாமல் போயிருந்தால் பெற்றோருக்கும் எதுவும் தெரிந்திருக்காது, நண்பர்களுக்கும் தெரிந்திருக்காது. தினமும் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று மௌனமானால் இணைய நண்பர்களுக்கு விசாரிக்க வீட்டு வாசல் கிடையாது, பக்கத்து வீடு கிடையாது. வீட்டில் உள்ளவர்களுக்கோ இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதே தெரியாது. ஆகவே வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம், எனக்கு ஏதாவது ஆனால் இந்தக் குழுவில் ஒரு வரி சொல்லிவிடு என்று சொல்லி, எந்தச் செயலி, எந்தப் பெயர், எப்படி உள்ளே போவது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நண்பர்களுக்குள்ளும் யாராவது ஒருவரிடமாவது வீட்டு எண் ஒன்று இருக்கட்டும். நான்கு நாள் சத்தமே இல்லையென்றால் யார் கூப்பிட்டுக் கேட்பது என்றும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.